நாற்பத்தொன்றாம் இரவு

உம்மைப்போல நாற்பது நாள் தாங்கினோம், ஆண்டவரே.
நாற்பத்தொன்றில் வழுக்கினோம்.

கோண்டாரில் அன்று காலந்தப்பிய மழை.
தகரக் கூரைமேல் யாரோ கல்லெறிவதுபோல்.
நோன்பு தொடங்கிய அன்றே
இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில்
தெஃப் மாவு மூட்டையை எல்லையாக வைத்திருந்தோம்.
கூரை அந்த இடத்தில்தான் ஒழுகியது.
மாவு நனையுமே என்று
மூட்டையை நகர்த்தினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.
மூட்டையை நகர்த்தினேன்.

தெசாலெவ் கசாப்புக்காரன்.
ஐம்பத்தைந்து நாளும் கடைக்குப் பூட்டு.
வருஷமெல்லாம் அவன் விரலிடுக்கில் கிடக்கும் இரத்த வாடை
மூன்றாம் வாரத்தில் கழன்றுபோகும்.
பிறகு அந்தக் கைகளில்
கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் விறகுப்புகை,
காலையில் வறுத்த காப்பிக்கொட்டை.
நீரே சொல்லும், இது நியாயமா?
மாம்சத்தைத் தொடாதே என்கிற காலத்தில்தான்
என் புருஷன் தொடும்படியாகிறான்.

விடிந்தால் ஞாயிறு.
கூடிய உடம்போடு எங்கள் ஊரில்
கோயிலுக்குள் போவதில்லை.
வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு
மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும்.
ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.
கேட்காததுதான் தண்டனை.
இருட்டோடு இருட்டாகப் போய்
காட்டு ஒலிவ மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தோம்.
அங்கே ஏற்கெனவே இடமில்லை.

தையற்காரரும் அவர் மனைவியும்.
போன மாசி மாதம் கல்யாணமான இரண்டு ஜோடி.
கழுதைக்காரர் பிர்லெவ், ஐம்பது தாண்டியவர்,
காலணியின் வாரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக.
அப்புறம் வொலேலா.
என் வீட்டுக் கடலைமாவுக் குழம்பில்
வெண்ணெய் வாடை வருகிறதென்று தெருவெல்லாம் சொன்னவள்
மதில் கல்லைப் பார்த்தபடி
மும்முரமாக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

மழை நிறையக் கூரைகளில் ஒழுகியிருக்கிறது.

உள்ளே பேரிகை.
குருவின் குரல் மதிலேறி வரும்போது
பாதி வார்த்தை அந்தப்பக்கமே விழுந்துவிடுகிறது.
நெற்றியைக் கல்லில் வைத்தேன். ஈரக்கல்.
குனிந்து நிமிர்ந்து குனிந்தேன்,
எண்ணிக்கை தவறும்வரை.
ராத்திரி மடங்கிய முழங்கால்கள்தான்.
வேறு ஜோடி எனக்கில்லை.

சாக்குச் சொல்ல வரவில்லை.
வாக்கு வாக்குதான்.
ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
பகல் முழுக்கக் காய்ந்து, மூன்று மணிக்கு மேல்
முதல் துண்டு இஞ்செராவைக் கிழித்து வாயில் வைக்கையில்
நாக்கு தானாக ஸ்தோத்திரம் சொல்கிறது;
கொழுத்த மாதங்களில் அது சொன்னதில்லை.
நேற்று இருட்டிலும்
'ஆண்டவரே' என்றுதான் வாயில் வந்தது.
வீணாகச் சொன்னேனா?
தெரியவில்லை.
இரண்டு குரலும் ஒரே தொண்டை.

பூசை முடிந்து உதவிக்குரு தண்ணீர்ச் செம்போடு வந்தான்,
மீசை அரும்பாத பையன்.
உள்ளே இருப்பவர்களுக்கு உள்ளங்கையில் ஊற்றுவார்கள்.
வெளியே நிற்பவர்களுக்கு
மதிலுக்கு மேலாக வீசுவான்.
குறியில்லாத கை.
தையற்காரருக்கு ஒரு சொட்டும் இல்லை.
எங்கள் மேல் ஒரு வாளி.
தெசாலெவ் முகத்தைத் துடைக்காமல் நின்றான்.
நான் அவனைப் பார்க்கவில்லை,
நனைந்த அவன் கைகளை மட்டும்.

வீடு வந்ததும் அவனே மூட்டையைத் தூக்கி
பழைய இடத்தில் வைத்தான்.
பேசவில்லை.
இன்னும் பதின்மூன்று இரவு.
உயிர்ப்பு இரவில் கோழி கூவ
ஊருக்கே இறைச்சி வேண்டும்.
கத்திகள் அவனை இழுத்துக்கொண்டு ஓடும்.
எனக்கென்று திரும்பி வரும்போது அந்தக் கைகள்
பழைய வாடைக்குப் போயிருக்கும்.
அதற்கும் ஸ்தோத்திரம்.

மூட்டைக்கு அந்தப்புறம்
அவன் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிகிறது.
என் மூச்சு அவனுக்கு.

கூரையை மட்டும் அவன் இன்னும் அடைக்கவில்லை.
நானும் நினைவுபடுத்தவில்லை.